ஆண் மார்புப் பெருக்கம்: துளைவழி அறுவையா, திறந்த அறுவையா?

கைனகோமாஸ்டியா எனப்படும் ஆண் மார்புப் பெருக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது தழும்பைப் பற்றித்தான். ஆனால் எந்த முறை பொருந்தும் என்பதை முடிவு செய்வது மார்புக்குள் மிகுந்திருப்பது கொழுப்பா, சுரப்பித் திசுவா (ஆண்களுக்கும் சிறிதளவு உள்ள மார்புச் சுரப்பியின் சதை), தளர்ந்த தோலா என்பதே. மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒரு பக்க மார்பின் இரு ஓரங்களிலும் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் போன்ற வட்டமான தட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசுவாக இருக்கலாம்; தடையின்றி விரல்கள் சேர்ந்தால் பெரும்பாலும் வெறும் கொழுப்புதான். மருத்துவர் இதைத் தம் கையாலும், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் மூலமும் உறுதி செய்வார்.

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் காரணத்தைத் தேட வேண்டும். வளரிளம் பருவத்தில் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் தானே வடிந்துவிடும் என்பதால் பள்ளி வயதுப் பையனை அவசரமாக அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்லாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கான ஸ்பைரனோலாக்டோன், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளும், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகளும், அரிதாக விதையில் தோன்றும் கட்டியும் மார்பைப் பெருக்கக்கூடும். உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர் அதை நிறுத்தாமல் அறுவை செய்துகொண்டால் வீக்கம் மீண்டும் வரலாம். இதை மருத்துவரிடம் மறைப்பதால் தீங்கே விளையும். ஒரு பக்கத்தில் மட்டும் கல் போன்ற கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் உள்வாங்குதல், அக்குளில் நெரிக்கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும், முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

கொழுப்பே மிகுந்திருந்து தோல் இறுக்கமாக இருந்தால் துளைவழி முறை நல்ல பலன் தரும். மரப்பு மருந்தும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவத்தைச் செலுத்தி, சில மில்லிமீட்டர் துளையில் மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் நார்த்தன்மை ஏறி இறுகிவிட்ட சுரப்பி இந்தக் குழாய்க்கு எளிதில் வசப்படாது. அதைத் துண்டு துண்டாக வெட்டி அதே துளை வழியாக இழுத்தெடுக்கும் உத்தியும், வெற்றிட உறிஞ்சு கருவியும் உண்டு. எனினும் இவற்றில் இரத்தம் கசியும் இடத்தை நேரில் பார்த்துக் கட்டுப்படுத்துவது கடினம், சுரப்பி மிஞ்சிவிடும் வாய்ப்பும் உண்டு.

சுரப்பித் தட்டு பெரிதாகவும் கெட்டியாகவும் இருந்தால் திறந்த அறுவையே நம்பகமானது என்பது என் கருத்து. 1946-இல் அறுவை மருத்துவர் வெப்ஸ்டர் விவரித்தபடி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறுவார்கள். நிறம் மாறும் எல்லையில் தழும்பு அமைவதால் அது பெரும்பாலும் கண்ணில் படாது. முன்பு காயங்கள் தடித்த தழும்பாக ஆறியிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காம்புக்கு அடியில் மெல்லிய திசுப் படலத்தை விட்டுவைக்காமல் முழுவதையும் எடுத்துவிட்டால் அந்த இடம் குழிந்துவிடும். பலருக்கு ஓரங்களில் கொழுப்பு உறிஞ்சலும் நடுவில் சிறு கீறலும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. தோல் மிகவும் தொங்கினால் தோலையும் வெட்டி எடுக்க வேண்டிவரும். அப்போது நீண்ட தழும்பைத் தவிர்க்க முடியாது.

மருத்துவரைச் சந்திக்கும்போது, என் மார்பில் சுரப்பி எவ்வளவு, அதை எந்த வழியாக எடுப்பீர்கள், துளைவழியே முடியாவிட்டால் அதே அமர்வில் கீறல் போடுவீர்களா, எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் போன்றவற்றை நிறுத்துவதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எந்த முறையானாலும் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் இறுக்கமான மேலுடை அணிய வேண்டியிருக்கும். மரத்துப்போன உணர்வு பெரும்பாலும் மெல்லத் திரும்பும், வடிவம் தெளிய மாதங்கள் ஆகும். முதல் நாளிலேயே ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலி கூடினால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.