ரயிலில் வயிறு படுத்தாமல் இருக்க

நீண்ட ரயில் பயணம் என்றால் எனக்கு மறுநாள் வயிறு உப்பும், தலை வலிக்கும். இப்போது அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பெரிய மாற்றம் சமைத்த உணவில்தான். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் 1 மணி நேரம்தான். சோறு இன்னும் ஆபத்து: அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே வண்டி ஏறியதும் சாப்பிட்டு முடித்துவிடுவேன். மிச்சம் இருந்தால், மனசு கேட்காவிட்டாலும், குப்பைக்குத்தான். அப்புறம் வேண்டியதெல்லாம் ரொட்டி, பாதாம், உரித்துச் சாப்பிடும் பழங்கள். உரிக்கும் முன் கையைக் கழுவினால் போதும்.

வயிற்றை உப்ப வைத்தது பெரும்பாலும் சோடா. அதை விட்டேன். தண்ணீரை மிடறு மிடறாக அடிக்கடி குடிக்கிறேன். தலைவலி அதில் அடங்கியது. கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும், சரி, காலுக்கும் ஒரு நடை ஆயிற்று! காபி மதியத்தோடு சரி, இரவில் தூக்கம் வர வேண்டுமே. உடம்பில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். வயிற்றுப்போக்கு வந்தால் உதவ, பையில் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும்.