காரை ஸ்டாக்காகவே வைப்பதா, மாற்றுவதா? ஏற்காட்டு மலையை வைத்து முடிவெடுக்கும் முறை

ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் துணி கருகுவது போல ஒரு வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பின் சீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள்.

அது ஒரு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முந்தைய ஓனர் அதில் வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், 17 இஞ்ச் அலாய் வீல், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், பெரிய வாய் சைலன்சர் என்று பணத்தை இறைத்திருந்தார். பிரேக் ஆயிலை மட்டும் மாற்றவில்லை. மறுநாள் சேலத்தில் மெக்கானிக் அண்ணன் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறம். "புதுசுல இது வெளிர் மஞ்சளா இருக்கும் தம்பி. இதைப் போட்டுக்கிட்டா மலை எறங்குனீங்க?" என்றார்.

நம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசையோடு வாங்குவது பெரும்பாலும் போலோ ஜிடி, அபார்த் புன்ட்டோ, ஐ20 என் லைன், கொஞ்சம் வசதி இருந்தால் ஆக்டேவியா விஆர்எஸ். வாங்கிய மறுவாரமே என்ன மாட்டலாம் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். முதலில் கம்பெனி நிலைக்கு, அதாவது ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவாருங்கள், அந்த நிலையிலேயே சில மாதம் ஓட்டுங்கள், அதன் பிறகும் குறை தெரிந்தால் அந்த ஒரு குறையை மட்டும் தீருங்கள் என்பதுதான் நான் சொல்லும் வழி.

படி 1: வண்டியில் ஏற்கெனவே என்ன மாறியிருக்கிறது?

ஒரு நோட்டும் போன் கேமராவும் போதும். டிரைவர் பக்கக் கதவின் ஓரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதையும் டயரில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து ஸ்பிரிங் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பிலோ மஞ்சளிலோ இருந்தால் வெளியில் வாங்கி மாட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டி மூடியோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியிருப்பது, கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்ட வேண்டும். ஆர்சியில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றா என்பதையும் மறக்காதீர்கள்.

படி 2: ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவருதல்

இதில் அவசரப்படவே கூடாது. பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்காடு சுமார் 1515 மீட்டர் உயரம், சேலம் சுமார் 280. இறங்கும் உயரம் 1200 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் வண்டிக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் முப்பது தடவை முழுதாக நிறுத்தினால் வெளிப்படும் வெப்பத்துக்குச் சமம். வண்டியின் எடை எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. காற்றும் டயர் உராய்வும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக் டிஸ்க்கிலும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும்தான் இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக வடித்து மாற்றுங்கள். டப்பாவில் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டால் மாற்றியதாக ஆகாது. நாலு சக்கரத்திலும் புதிய நிறம் வரும் வரை வடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள்.

பேடைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். என் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல மின்னியது, விரலை வைத்தால் வழுக்கியது. அதிகச் சூட்டில் வெந்துபோன பேட் அப்படித்தான் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தாலும் மாற்றுங்கள். புதுப் பேட் போட்டதும் ஆளில்லாத ரோட்டில் 60லிருந்து 20 வரை மிதமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள். இடையில் ஆறவிட்டு, இப்படி எட்டு பத்து தடவை. முழுதாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேலுள்ள பள்ள வரிகள்) ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிவிட்ட டயர் மழையில் பிடிக்காது. வீல் அலைன்மெண்ட் செய்தால் முன், பின் அளவுகள் உள்ள தாளைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் கசிவு இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது அது வேறு வண்டி. இந்த நிலையில் ஓட்டிய பிறகு மேற்கொண்டு எதையும் மாற்றத் தோன்றாதவர்கள் பலர்.

படி 3: மலையில் ஓட்டிப் பாருங்கள்

வார நாளில், விடிந்து பனி விலகியதும் அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள். சனி ஞாயிறும், மே மாதக் கோடை விழா சமயமும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்ப முழு ரோடும் தேவைப்படும், அதனால் வளைவுக்கு முன்பே ஹாரன் அடியுங்கள். நீங்கள் இறங்கும்போது, மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதுதான் விதி. மாலையில் காட்டெருமை ரோட்டில் நிற்கலாம்.

இறங்கும்போது ஆட்டோமேட்டிக்கை டி-யில் விடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடிப்பு போய்விடும். மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் வையுங்கள். பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள்.

இந்த ரோட்டில் வேகம் பார்க்காதீர்கள். அதற்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டிகளை உருவாக்கிய கரிவரதனின் பெயரில் உள்ள டிராக் அது.

நாலைந்து தடவை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் உங்கள் குறையை ஒரே வரியில் எழுதுங்கள்.

படி 4: குறைக்கு ஏற்ற மருந்து

"பிரேக் சூடாகிறது" என்பது மறுபடி மறுபடி வந்தால், சூடு தாங்கும் நல்ல பேடும் டாட் 5.1 ஆயிலும் போதும். பேடை அழுத்தும் காலிப்பரைப் பெரிதாக மாற்றத் தேவையில்லை.

"வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது" என்றால் முதலில் நுழையும் வேகத்தைக் குறையுங்கள். பிறகு டயர். அளவு மாற்றும் ஆசை இருந்தால் கணக்குப் போடுங்கள். என் வண்டிக்குக் கம்பெனி அளவு 185/60 ஆர்15. பக்கச் சுவர் உயரம் 185இல் 60 சதவீதம், அதாவது 111 மில்லிமீட்டர். அதை இரட்டித்து 15 இஞ்ச் ரிம்மின் விட்டம் 381ஐக் கூட்டினால் 603. 195/55 ஆர்16 போட்டால் 621 வரும், 3 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். 195/55 ஆர்15 என்றால் 595.5, வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்தான். அதே ரிம்மிலும் உட்காரும். முந்தைய ஓனர் போட்ட 205/45 ஆர்17இன் பக்கச் சுவர் வெறும் 92 மில்லிமீட்டர். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். என் அலாய் ஒன்று வளைந்தே கிடந்தது.

"இழுவை போதவில்லை" என்பவர்கள் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ரீமேப் என் பட்டியலில் கடைசி. போலோ ஜிடியின் 1.2 லிட்டர் இன்ஜினின் சக்தி 105 பிஎஸ், சுழற்று விசை (டார்க்) 175 நியூட்டன் மீட்டர். அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைத்தது. அந்த இடைவெளி கம்பெனி நமக்குக் கொடுத்த ஆயுள். அதைத் தின்னுகிறீர்கள் என்பது தெரிந்து செய்யுங்கள். ரீமேப் செய்த தடம் சர்வீஸ் கம்ப்யூட்டரில் தெரியும், வாரண்டியும் போகும்.

கூம்பு ஃபில்டரை நான் கழற்றி எறிந்தேன். கம்பெனிப் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கூம்பு, சேலத்து ஏப்ரல் வெயிலில் இன்ஜின் சூட்டையே திருப்பி இழுக்கும். சத்தம் கூடும், சக்தி கூடாது. லோயரிங் ஸ்பிரிங்கும் அப்படியே. நம் வேகத்தடைகளுக்கு அது ஒத்துவராது.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சைலன்சர் சத்தத்துக்குத் தனியாக 10,000 ரூபாய் வரை. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் நேரத்தில் அதை வைத்தே மறுக்கலாம்.

படி 5: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

இரண்டு பொருளை ஒரே நாளில் மாட்டினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, அதே மலையில் அதே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். சக்கரம் கழற்றிய வேலை என்றால் போல்ட்டை அளவோடு முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கச் சொல்லுங்கள், போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். கழற்றிய கம்பெனிப் பொருளைத் துடைத்து, எண்ணெய் தடவி, தேதி எழுதிப் பரணில் வையுங்கள். விற்கும்போது அந்தப் பெட்டிக்கு விலை உண்டு. முந்தைய ஓனர் தன் ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதால் நான் நாலையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

இப்போது என் வண்டியில் கம்பெனி அல்லாதவை இரண்டுதான்: பேட், டயர். போன வாரம் அம்மாவை மறுபடி ஏற்காடு கூட்டிப் போனேன். அடிவாரத்துக்கு இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, குனிந்து சக்கரத்தருகே முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. நோட்டில் தேதி போட்டு அதை எழுதி வைத்தேன்.