டி50ஆர்பி ஹெட்போனை வீட்டிலேயே திறந்து சீரமைக்கும் முறை

ஹெட்போனைப் பிரித்து மாற்றி அமைத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு, ஜப்பானிய நிறுவனமான ஃபாஸ்டெக்ஸின் டி50ஆர்பி மிகவும் ஏற்ற மாடல். ஒலிப்பதிவுக் கூடங்களின் அன்றாட உழைப்புக்காகச் செய்யப்பட்டது என்பதால், இயர்பேடைக் கழற்றி நான்கு திருகுகளை எடுத்தாலே உட்புறம் முழுவதும் தெரிந்துவிடும். இதன் டிரைவர், அதாவது மின்சாரத்தை ஒலியாக்கும் உறுப்பு, தரமானது. அதை ஏந்தியிருக்கும் பிளாஸ்டிக் கூடுதான் அந்தத் தரத்துக்கு ஈடாக இல்லை. அமெரிக்காவில் ஹெட்போன் வடிவமைப்பாளர் டான் கிளார்க் இந்தக் குறையைச் சரிசெய்துதான் மேட் டாக் என்ற ஹெட்போனை விற்றார். அடுத்து வந்த ஆல்பா டாக்கில் டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டை முப்பரிமாண அச்சில் புதிதாகவே செய்தார். ஸாக் மெஹர்பாக்கின் இசட்எம்எஃப் நிறுவனமும் டி50ஆர்பியை மாற்றி அமைப்பதில்தான் தொடங்கியது. கீழே சொல்லப்படுபவை மார்க் 3 பதிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மார்க் 2 வைத்திருப்பவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மார்க் 4-இன் அமைப்பு வேறு என்பதால் அதற்கு இவற்றை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் டிரைவரின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஹெட்போனில் ஒரு கம்பிச்சுருள் அதிர்ந்து, தன்னோடு ஒட்டிய சவ்வைத் தள்ளுகிறது. டி50ஆர்பியில் தனியாகச் சுருள் கிடையாது. மிக மெல்லிய பாலிமைடு படலத்தின் மீதே செம்புத் தடம் பதிக்கப்பட்டு, அந்தப் படலம் இரு பக்கக் காந்தங்களுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறது. மின்னோட்டம் பாயும்போது படலம் முழுவதும் ஒருசேர அசைகிறது. இதனால் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. காந்தங்கள் வலிமையானவை என்பதால் மேசையில் கிடக்கும் இரும்புத் துகளும் சிறு திருகும் டிரைவரை நோக்கிப் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்; துகள் படலத்தை எட்டினால் அதை வெளியே எடுப்பது அனேகமாக இயலாது. படலம் காற்றழுத்தத்துக்கும் அஞ்சுவது. தூசி தட்டுகிறேன் என்று வாயால் ஊதுவதும், வாக்குவம் கிளீனரை அருகே கொண்டுபோவதும் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. இந்த மாடலின் மின்மறுப்பு 50 ஓம், ஒலித்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 92 டெசிபல். இசையின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் சுமார் 63 மில்லிவாட், அதாவது ஏறக்குறைய 1.8 வோல்ட் தேவைப்படும். பல கைபேசிகளால் இதைத் தர முடியாது. ஒலி மெலிந்திருக்கிறது, பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) இல்லை என்று ஹெட்போனைப் பிரிக்க உட்காருகிறவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது ஓர் ஆம்ப்ளிஃபயர் மட்டுமே.

இந்த வேலையில் மீறக்கூடாத விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் இரு பக்கமும் ஒரே அளவில், திரும்ப எடுக்கக்கூடிய வகையில் செய்ய வேண்டும். என் முதல் முயற்சியில் அதிர்வை அடக்கும் களிமண், எதிரொலியைக் குறைக்கும் பஞ்சு, புதிய இயர்பேட் மூன்றையும் ஒரே மாலையில் போட்டு முடித்தேன். ஒலி மாறியது, ஆனால் எதனால் மாறியது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆகவே கருவிப் பெட்டியில் முதலில் இருக்க வேண்டியவை ஒரு குறிப்பேடும், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசும். பிறகு நட்சத்திர முனைத் திருப்புளி, காகித டேப், குழந்தைகள் பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண், மருந்துக் கடைப் பஞ்சு, கம்பளி ஃபெல்ட் துணி, மல்டிமீட்டர் ஆகியவை போதும்.

காது ஒரு வாரத்தில் எதற்கும் பழகிவிடும் என்பதால், மாற்றத்தை அளந்து பார்க்க ஒரு வழி வேண்டும். சமமான மரப்பலகையில் துளையிட்டு, சிறிய எலெக்ட்ரெட் மைக் ஒன்றை அதன் முகம் பலகையோடு சமமாக நிற்கும்படி பொருத்தி, இயர்பேடை அதன் மீது இடைவெளியில்லாமல் அழுத்தி வைத்து, ரூம் இக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் அதிர்வெண் வரைபடம் எடுக்கலாம். இந்த வரைபடம் உண்மையான காதில் விழும் ஒலியைக் காட்டாது. குறிப்பாக 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஹெட்போன் சற்று நகர்ந்தாலே கோடு மாறிவிடும். ஆனால் நேற்று எடுத்ததையும் இன்று எடுத்ததையும், இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட இது தாராளமாகப் போதும். எதையும் தொடுவதற்கு முன்பே ஒரு பக்கத்துக்கு ஐந்து முறையாவது அளந்து சேமித்து வையுங்கள்.

இனிப் பிரிக்கலாம். இயர்பேடின் உள்விளிம்பை விரலால் மெதுவாக நெம்பினால், டிரைவரைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மாட்டியிருக்கும் அதன் மடிப்பு கழன்று வரும். நான்கு மூலைகளில் உள்ள திருகுகளை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுத் தள்ளி வையுங்கள். காந்தத்தை மறக்க வேண்டாம். டிரைவர் பொருந்திய தட்டைத் தூக்கும்போது, அதையும் கூட்டையும் இணைக்கும் மெல்லிய கம்பிகள் இழுபடாதபடி கூட்டின் மீதே சாய்த்து வைக்க வேண்டும். டிரைவரின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய வெண்ணிறத் தணிப்புத் துணியை எந்தக் காரணத்துக்காகவும் உரிக்காதீர்கள். படலத்தின் அதிர்வைக் கட்டுக்குள் வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உரித்தால் மீண்டும் அதே போல ஒட்டுவது கடினம்.

மாற்றங்களில் முதலாவதாக இயர்பேடைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. பலரும் அதைக் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். ஆனால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம், இடையில் அடைபடும் காற்றின் அளவு, தலையோடு பொருந்தும் இறுக்கம் ஆகிய மூன்றையும் இயர்பேடே தீர்மானிக்கிறது. அதைப் பின்னால் மாற்றினால், அதுவரை களிமண்ணிலும் பஞ்சிலும் செய்த கணக்கெல்லாம் பொய்த்துப்போகும். ஷூர் எஸ்ஆர்எச்840 ஹெட்போனின் இயர்பேடும், பிரெயின்வேவ்ஸ் எச்எம்5-இன் நீள்வட்ட இயர்பேடும் இந்தத் தட்டில் பொருந்தும் என்பது மாற்றி அமைப்போரிடையே நெடுநாளாக அறியப்பட்டது. சிறு இடைவெளிகூட அடித்தள பேஸைக் கசியவிடும் என்பதால், துளையில்லாத தோல் அல்லது செயற்கைத் தோல் உறை உள்ளதையே தேர்ந்தெடுங்கள். வெல்வெட் உறை மென்மையாக இருந்தாலும் அதன் வழியே காற்று கசியும்.

அடுத்தது கூட்டின் காற்றுத் துளைகள். டி50ஆர்பி பாதி திறந்த வகை. கூட்டில் உள்ள நீண்ட பிளவை உள்ளிருந்து ஃபெல்ட் துணி மூடியிருக்கும். அந்தத் துணியின் மீது காகித டேப்பை ஒட்டிப் பிளவைச் சிறிது சிறிதாக அடைத்தால் பேஸின் அளவும் வடிவமும் மாறும். முதலில் பாதியை அடைத்து அளந்து பாருங்கள், பிறகு முக்கால். முழுவதும் அடைத்துவிட்டால் ஹெட்போனைத் தலையில் மாட்டும்போது சிக்கிய காற்று படலத்தைத் தள்ளி, அது நொறுங்குவது போன்ற ஓசை எழக்கூடும். ஊசிமுனை அளவுக்காவது காற்று போக ஒரு வழி விட்டுவைக்க வேண்டும்.

களிமண்தான் இந்த வேலையின் உயிர்நாடி. டிரைவரைத் தாங்கும் தட்டு கெட்டியான பலகையன்று. விறைப்புக்காகச் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக். படலம் அசையும்போது இந்தத் தட்டும் கூட்டின் சுவரும் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அதிர்வு இசையின் நடுப்பகுதியோடு கலந்து, தகர டப்பாவுக்குள் பேசுவது போன்ற சாயலைக் கொடுக்கிறது. களிமண் தன் எடையால் அதிர்வைக் குறைத்து, தன் குழைவால் அதை வெப்பமாக்கி அடக்குகிறது. ஒரு பக்கத்துக்கு 10 கிராம் எடுத்து, உருட்டித் துண்டுகளாக்கி, தட்டின் அறைகளில் பல்குத்தும் குச்சியால் அழுத்தி நிரப்புங்கள். டிரைவரின் திறப்பை ஒரு துளியும் தொடக்கூடாது. அளந்து பார்த்தபின் இன்னும் 5 கிராம் சேர்த்துக் கூட்டின் சுவரில் மெல்லிய பூச்சாகத் தடவலாம். தட்டை விரலால் தட்டிப் பாருங்கள்: தொடக்கத்தில் 'டக்' என்று தெளிவாகக் கேட்ட ஓசை 'பொத்' என்று மழுங்கினால் போதுமான அளவு வந்துவிட்டது. அதற்கு மேல் சேர்ப்பது கழுத்துக்குத்தான் பாரம். தண்ணீரில் குழைக்கும் களிமண் காய்ந்து வெடித்து உதிரும் என்பதால் அது வேண்டாம். எண்ணெய்க் களிமண்ணும் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகி வழியும். இந்த ஹெட்போனை அங்கே விட்டுச் செல்லாதீர்கள்.

அதிர்வை அடக்கியபின், கூட்டுக்குள் முன்னும் பின்னும் எதிரொலிக்கும் ஒலி அலைகளைக் கவனிக்கலாம். இதற்கு உதிர்த்த பஞ்சு 1 கிராமிலிருந்து தொடங்கி அரை அரை கிராமாகச் சேர்க்க வேண்டும். பஞ்சைத் திணிக்காமல் பூவாக விரித்து வைப்பது முக்கியம். இறுக்கிய பஞ்சு காற்றுக்குச் சுவராகிவிடும். கட்டடங்களில் ஒலித்தடுப்புக்குப் பயன்படும் கண்ணாடி இழையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் நுண்ணிழைகள் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால், காதோடு ஒட்டி நிற்கும் பொருளில் நான் அதைச் சேர்க்க மாட்டேன். ட்ரெபிள் (உயர்ந்த சுர ஒலி) இன்னும் கூர்மையாகக் குத்தினால், டிரைவருக்கு முன்னால் ஒற்றைக் காகிதக் கைக்குட்டைத் தாளை வட்டமாக வெட்டி வைத்துப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய தாளும் காதுக்குத் தெரியும் மாற்றத்தைச் செய்யும்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கழற்றி மாட்டக்கூடியது, விலையுயர்ந்த கேபிளால் ஒலி மேம்படும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தால் மட்டும் சாலிடரிங் செய்யுங்கள். பல ஹெட்போன் கம்பிகளின் இழைகள் மீது எனாமல் பூச்சு இருக்கும். முனையில் உருகிய ஈயத் துளியைச் சில நொடிகள் பிடித்து அந்தப் பூச்சை எரித்த பிறகே ஈயம் ஒட்டும். டிரைவரின் முனையில் சூடு இரண்டு நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் இரு பக்கமும் 50 ஓமை ஒட்டிய அளவைக் காட்ட வேண்டும்.

மூடும்போது திருகுகளை எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் அமைந்த மரை எளிதில் தேய்ந்துவிடும் என்பதால், விரலில் தடை தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு குறைந்த ஒலியளவில், ஒற்றைக் குரல் மோனோவில் பதிவான ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நின்றால் இணைப்பு சரி. அது நடுவில் நிற்காமல் தலைக்கு இருபுறமும் சிதறி, பேஸும் வற்றிப்போயிருந்தால் ஒரு பக்கத்தின் கம்பிகள் தலைகீழாக இணைந்துள்ளன என்று பொருள். கடைசியாக, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓடவிட்டு இரு கூடுகளையும் கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் இயர்பேட் எங்கோ கசிகிறது. அப்போது கூட்டை மறுபடி திறக்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறையும், இயர்பேடின் மடிப்பைச் சுற்றிலும் சரிசெய்து மற்றொரு முறையும் கேட்டுப் பாருங்கள்.