கைமரம் அறுக்கப் பெரிய சர்க்குலர் சா: எந்த அளவு, எதைப் பார்த்து வாங்குவது

ஓட்டுக் கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைதான் கைமரம்; அதை அறுக்க, வட்டப் பிளேடு சுழலும் கை மெஷின்தான் சர்க்குலர் சா. கடையில் போய் "பெரிய மெஷின் காட்டுங்க" என்றால் வாட்ஸ் அதிகமுள்ளதை எடுத்து வைப்பார்கள். வாட்ஸ் அப்புறம். முதலில் கையில் ஓர் எண் வேண்டும்: நீங்கள் அறுக்கப்போகும் கட்டையின் தடிமன் எத்தனை மி.மீ.?

1. கட்டையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

சென்னை வால்டாக்ஸ் ரோடு மரவாடியில் 4-க்கு 2, 4-க்கு 3, 5-க்கு 3 என்று அங்குலத்தில்தான் சொல்வார்கள். மெஷின் பெட்டியில் எல்லாம் மி.மீ. 2 அங்குலம் 51, 3 அங்குலம் 76, 6 அங்குலம் 152. இழைத்த கட்டை இதைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும், அறுத்தபடியே வந்தது சில இடத்தில் தடித்திருக்கும். டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்து, பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் குழம்புவது சாய்வில்தான். ஓட்டுக் கூரையின் கைமரம் முகட்டில் சாய்வாக வெட்டப்படுகிறது, ஆகவே சாய்த்து அறுக்கும் ஆழம் நிறைய வேண்டும் என்று நினைப்பார்கள். தேவையில்லை. 5-க்கு 3 கைமரத்தைப் படுக்கவைத்து, 5 அங்குல முகத்தில் 30 டிகிரிக் கோடு போடுகிறீர்கள். மெஷின் அந்தக் கோட்டோடு ஓடுகிறது. பிளேடு நேராகத்தான் நிற்கிறது. கோடு எவ்வளவு சாய்ந்தாலும் பிளேடு இறங்குவது அதே 76 மி.மீ. பிளேடையே சாய்க்கவேண்டி வருவது மூலைக் கைமரத்துக்கும் (இரண்டு சரிவு சேரும் மூலையில் ஓடுவது) அதில் வந்து சேரும் குட்டைக் கைமரங்களுக்கும்தான். உங்கள் கூரை இரண்டு பக்கச் சரிவு மட்டும் என்றால், 90 டிகிரி ஆழத்தை (பிளேடு நேராக நிற்கும்போது இறங்குவது) மட்டும் பார்த்தால் போதும்.

2. பிளேடு அளவு

190 மி.மீ. பிளேடு (ஏழரை அங்குலம்) நேராக 65 முதல் 70 மி.மீ. வரை இறங்கும். பாஷ் ஜி.கே.எஸ். 190 மாடலுக்கு 70. 2 அங்குலக் கட்டை, பிளைவுட், பரண் வேலைக்குத் தாராளம். 3 அங்குலத்துக்கு ஆறே மி.மீ. குறையும். அந்த ஆறு மி.மீ.க்காக ஒவ்வொரு கைமரத்தையும் புரட்டி மறுபக்கம் கோடு போட வேண்டும். இரண்டு வெட்டும் சரியாகச் சேராமல் நடுவில் படி விழும். நாற்பது கைமரம் உள்ள கூரையில் இது தாங்காது.

235 மி.மீ. (ஒன்பதேகால் அங்குலம்) சுமார் 85 இறங்கும், 45 டிகிரியில் 60 முதல் 65. கூரை வேலைக்கு இதுதான் எங்கள் தேர்வு. 3 அங்குலம் ஒரே ஓட்டத்தில் முடியும். 6-க்கு 6 உத்திரத்தையும் நாலு முகத்திலும் மூலைமட்டம் வைத்துக் கோடு சுற்றிவிட்டு, மேலும் கீழும் அறுத்தால் துண்டாகிவிடும். 3 அங்குலக் கட்டையில் 45 டிகிரி சாய்வுவெட்டு மட்டும் முழுசாக வராது. மிச்சத்தைக் கைவாளில் முடியுங்கள்.

415 மி.மீ. மெஷின், உதாரணமாக மகிட்டா 5402, 6 அங்குலத்தை ஒரே இறக்கத்தில் அறுக்கும். எடை 14 கிலோவுக்குப் பக்கம். சாரத்தின் மேல் நின்று பிடிக்கும் சாமான் இல்லை இது. தினமும் உத்திரம் அறுப்பவர் வாங்கட்டும், மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கலாம்.

மார்பிள் கட்டரில் பல்லுள்ள மரப் பிளேடு மாட்டி அறுப்பதைச் சைட்டில் பார்த்திருப்பீர்கள். செய்யவே செய்யாதீர்கள். அது கல்லுக்கான வேகம், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல். கீழே பிளேடைத் தானாக மூடும் கார்டும் (பாதுகாப்பு மூடி) கிடையாது. பல் மரத்தில் கடித்தால் மெஷின் நேராக உங்கள் மேல் வரும்.

3. கரண்ட்

2,000 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் 9 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும். 5 ஆம்ப்ஸ் பிளக் கருகும், ஏ.சி.க்குப் போடுகிற 15 ஆம்ப்ஸ் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், எர்த்தோடு மூன்று கோர். சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் சூடேறி உறை இளகும். மெலிந்த வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். ஆட்கள் பிளேடு மழுங்கிவிட்டது என்று பிளேடைத் திட்டுவார்கள்.

4. கடையில் கையில் எடுத்துப் பார்க்க

பிராட்வே பக்கம் பவர் டூல் கடைகளில் மெஷினை எடுத்துப் பார்க்க விடுவார்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலும் சின்ன மூலைமட்டமும் கொண்டுபோங்கள்.

அடித்தட்டைக் கவிழ்த்து ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். வெளிச்சம் ஒழுகினால் வேண்டாம். வார்ப்பு அலுமினியத் தட்டு நல்லது, தகரத்தில் அழுத்தியது ஒருமுறை விழுந்தாலே வளையும். பிளக்கில் சொருகாமல் கீழ்க்கார்டை இழுத்து விடுங்கள், "டப்" என்று மூட வேண்டும். சோம்பலாக மூடுகிற கார்டு நாளை மரத்தூள் ஏறினால் திறந்தே நிற்கும். பிளேடு முன்னும் பின்னும் அடித்தட்டின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தாலே வெட்டு எரியும், மெஷின் கோட்டை விட்டு ஒதுங்கும். மோட்டாரில் தேய்ந்து மாற்றவேண்டி வரும் கார்பன் பிரஷ் அதே கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

5. பிளேடு

கைமரத்துக்கு 24 பல் கார்பைடு பிளேடு. 60 பல்லில் தடித்த மரம் அறுத்தால் தூள் வெளியேற இடமின்றிக் கருகும். பிளேடில் அச்சிட்டுள்ள உச்ச சுற்று மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்கட்டும். நடுத்துளை மெஷினுக்குப் பொருந்த வேண்டும், தகரத் துண்டு வைத்து ஒப்பேற்றக் கூடாது.

6. முதல் வெட்டு

ஆழத்தைக் கட்டைக்குக் கீழே 5 மி.மீ. தெரியும்படி வையுங்கள். துண்டாகும் பக்கம் சுதந்திரமாகத் தொங்க வேண்டும். இரண்டு முனையையும் முட்டுக்கட்டையில் வைத்து நடுவில் அறுத்தால், கட்டை தொய்ந்து வெட்டுவாய் மூடிப் பிளேடைக் கவ்வும். மெஷின் பின்னால் எகிறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கைமரம் சுவர்மேல் உட்கார வெட்டும் காடியை (பள்ளத்தை) கோடு வரைதான் மெஷினில் அறுக்க வேண்டும். பிளேடு வட்டமாதலால் அடிப்பக்கமும் மூலைவரை அறுபடும்படி மெஷினிலேயே போனால் மேல்முகத்தில் கோட்டைத் தாண்டி வெட்டுப்பட்டுக் கைமரம் பலமிழக்கும். மூலை கைவாளுக்கு.

ஜார்ஜ் டவுன் பழைய வீடு இடித்த பர்மா தேக்கு என்றால், அறுப்பதற்கு முன் நாலு முகத்திலும் காந்தம் ஓட்டுங்கள். தலை அறுந்த ஆணி உள்ளே இருக்கும், ஒன்றே போதும் நாலு பல் போக. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றுக்கு ஸ்டீல் எல்லாம் ஒரே வாரத்தில் செம்பட்டை அடிக்கும். வேலை முடிந்ததும் பிளேடையும் அச்சையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அடித்தட்டை மட்டும் மறுநாள் மரத்தில் கறை படாதபடி உலரத் துடையுங்கள்.