மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனைச் சரிசெய்வது எப்படி?

மதுரையில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைகளில் சீலிங் ஃபேன் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் அது மெதுவாகவே சுற்றினால், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது ஃபேன் வாங்கப் புறப்பட வேண்டாம். பெரும்பாலும் குறை சிறியதாகவே இருக்கும். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

முதலில் வீட்டிலுள்ள மற்ற ஃபேன்களைக் கவனியுங்கள். தெரு முழுவதும் ஏசி ஓடும் இரவு நேரத்தில் எல்லா ஃபேன்களும் சேர்ந்து வேகம் குறைந்தால், குறை மின்னழுத்தத்தில் இருக்கிறது. நம் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட். விதிப்படி அது 6 சதவீதம் வரைதான் கூடவோ குறையவோ செய்யலாம். மல்டிமீட்டர் அடிக்கடி 216-க்கும் கீழே காட்டினால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் புகார் கொடுங்கள்.

ஒரு ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றினால், அதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் வயரில் கொடுக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேனுக்குள் மின்சாரம் இருக்கும். ஆகவே மெயினையே நிறுத்தி, டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு ஏணியில் ஏறுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இறக்கையில் காற்றை வெட்டும் ஓரத்தில்தான் தூசி கெட்டியாகப் படியும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், மறுகையில் இறக்கையைத் தாங்கியபடி துடையுங்கள். அழுத்தினால் இறக்கை வளைந்து ஃபேன் ஆடத் தொடங்கும். பிறகு கையால் லேசாகச் சுற்றிவிடுங்கள். கரகரவென்று இழுத்து உடனே நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது; மோட்டாரைப் பிரிக்க வேண்டிய அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஃபேன் தங்குதடையின்றிச் சுற்றி மெல்ல நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகமான கண்டென்சர். மோட்டாரின் இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றிச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது இதுதான். இதனுள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் பழுது தானே அடைபட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவு குறையும். ஆண்டுக்கணக்கில் ஓடிய ஃபேன் நம் கண்ணுக்கே தெரியாமல் வேகம் இழந்துகொண்டு வருவதற்கும், உறுமிக்கொண்டே நின்று, கையால் தள்ளிவிட்ட பிறகு ஓடுவதற்கும் காரணம் இதுவே.

மோட்டாருக்கு மேலே ராடில் இருக்கும் கிண்ணத்தை நகர்த்தினால், பெரும்பாலான ஃபேன்களில் கண்டென்சர் தெரியும். வயரைக் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் இடம் மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக் காற்று மேலே போய்விடும். மெயின் நிறுத்தப்பட்டிருந்தாலும் கண்டென்சரில் மின்னேற்றம் மிச்சமிருக்கலாம் என்பதால், அதன் வயர் முனைகளை விரலால் தொடாமல், பழைய குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரு வயர்களையும் அவற்றில் சில நொடிகள் வைத்து வெளியேற்றுங்கள். சாதாரண 48 அங்குல ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரிக்கல் கடைகளில் அதே அளவைக் கேட்டு வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் போட்டால் காயில் சூடேறிக் கருகிவிடும். இந்தத் தவறை யாரும் செய்ய வேண்டாம். படத்தில் உள்ளபடியே வயர்களை முறுக்கி, இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, கிண்ணத்தைப் பொருத்திய பிறகு மெயினைப் போடுங்கள்.

ரெகுலேட்டரைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டர்களில் ஐந்தாம் எண்ணில் மின்சாரம் நேரடியாகவே ஃபேனுக்குப் போவதால், ஐந்திலும் வேகமில்லையென்றால் குறை அங்கே இருப்பது அரிது. ரிமோட்டில் இயங்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்களுக்குள் எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால், கண்டென்சர் மாற்றும் இந்த முறை அவற்றுக்குப் பொருந்தாது.

புதுக் கண்டென்சர் போட்டும் வேகம் வரவில்லை, மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடுகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் காயிலில்தான் பழுது. அப்படியானால் ஃபேனை உடனே நிறுத்திவிட்டு, காயில் கட்டும் செலவையும் புது ஃபேனின் விலையையும் விசாரித்து முடிவெடுங்கள்.