டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கும் முன் எவ்வளவு தள்ளி நிற்பீர்கள் என்று பாருங்கள்

"போர்ட்ரெய்ட்டும் எடுக்கணும், வெளியே போனால் பறவை, மலை எல்லாம் எடுக்கணும், எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடுக்கப்போகும் ஆளோ பறவையோ உங்களிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கும், பின்னால் நகர உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? பெரும்பாலும் பதில் வராது. எந்த லென்ஸின் பொக்கே, அதாவது பின்னணி மங்கல், எப்படி இருக்கும் என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவர்கள்கூட தூரத்தை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் முதல் டெலிஃபோட்டோ லென்ஸை வாங்கினேன், அந்தக் கதை அப்புறம்.

முதலில் முகம். 85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாகக் காட்டும், அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, நீங்கள் நெருங்கி நிற்பதுதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அரை மீட்டரில் நின்று எடுத்தால் அந்த 10 செ.மீ. மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் மூக்கு துருத்திக்கொண்டு வரும், காது பின்னால் ஓடி ஒளியும். 2 மீட்டர் தள்ளி நின்றால் அதே 10 செ.மீ. இருபதில் ஒரு பங்குதான், முகம் நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரே இடத்தில் நின்று 35-லும் 85-லும் ஒவ்வொரு படம் எடுத்து, முதல் படத்தை முகம் மட்டும் வரும்படி வெட்டிப் பாருங்கள். முகத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

ஆக, ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 2 முதல் 4 மீட்டர் வரை தள்ளி நிற்பது என்று முடிவு செய்துவிட்டால், அந்தத் தூரத்திலிருந்து ஃபிரேமில் எவ்வளவு பிடிக்கும் என்பதைத்தான் ஃபோக்கல் லெங்த், அதாவது லென்ஸில் மி.மீ.-ல் எழுதியிருக்கும் குவியத் தூரம், தீர்மானிக்கிறது. இதற்கு எளிய கணக்கு உண்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் உயரம் 36 மி.மீ. ஃபிரேமில் எவ்வளவு உயரம் வேண்டுமோ அதை ஃபோக்கல் லெங்த்தால் பெருக்கி 36-ஆல் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் கிடைத்துவிடும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழு ஆளை எடுக்க 2 மீட்டர் உயரம் தேவை என்றால், 85 மி.மீ. லென்ஸுக்கு 4.7 மீட்டர், 135-க்கு 7.5 மீட்டர், 200-க்கு 11 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 11 மீட்டர் என்பது சின்னத் தூரமில்லை. "தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும், பொது இடம் என்றால் நடுவில் பத்துப் பேர் குறுக்கே போவார்கள். தலையும் தோளும் மட்டும் போதும் என்றால் 85-க்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், 135-க்கு இரண்டேகால், 200-க்கு மூன்றே கால் மீட்டர். 135-ஐ விரும்புகிறவர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது இங்கேதான் தெரியும்: நெருக்கமான முகப் படத்துக்கு எதிரில் இருப்பவர் மூச்சுத் திணறாத தூரம் அது. ஆனால் சின்ன அறைக்குள் அதை வைத்துக்கொண்டு முழு உருவம் எடுக்க முடியாது.

க்ராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமரா என்றால், ஃபோக்கல் லெங்த்தை நிக்கான், சோனி, ஃபூஜி மூன்றிலும் 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 85 மி.மீ. லென்ஸ் அங்கே 128-ஐப் போல நடந்துகொள்ளும், முழு ஆளுக்கு 7 மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும். எல்லோரும் 85-ஐப் புகழ்கிறார்களே என்று வாங்கி வீட்டுக்குள் சுவரில் முதுகை இடித்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். க்ராப் சென்சாருக்கு 50 அல்லது 56 மி.மீ. லென்ஸே அந்த வேலையைச் செய்துவிடும், விலையும் பெரும்பாலும் குறைவு.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் இருக்கும் ஜூம் லென்ஸில் 85-ல் வைத்து, வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். அடுத்த நாள் 135-ல். அப்புறம் பழைய படங்களைக் கணினியில் திறந்து, படத்தோடு பதிவாகியிருக்கும் ஃபோக்கல் லெங்த்தைப் பாருங்கள். எப்போதும் ஜூமின் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறீர்களா, இல்லை நடுவிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதா? எந்த விமர்சனத்தையும்விட இது உங்களைப் பற்றி உண்மையைச் சொல்லும்.

சரி, பின்னணி மங்கலுக்கு வருவோம், எல்லோருக்கும் ஆசை அதில்தான். லென்ஸின் ஒளித்துளை எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் அப்பர்ச்சர் எண்ணை, அதாவது எஃப் எண்ணை (எண் சின்னது என்றால் துளை பெரியது), மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபோக்கல் லெங்த்தை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்துப் பாருங்கள், வருவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் ஒளித்துளையின் விட்டம். 50 மி.மீ. எஃப் 1.8-க்கு 28 மி.மீ., 85 எஃப் 1.8-க்கு 47, 200 எஃப் 4-க்கு 50, 300 எஃப் 5.6-க்கு 54, 200 எஃப் 2.8-க்கு 71, 135 எஃப் 1.8-க்கு 75. ஆள் ஃபிரேமில் ஒரே அளவில் இருக்க, பின்னணி வெகு தூரத்தில் இருந்தால், இந்த விட்டம் பெரிதாகப் பெரிதாக மங்கலும் பெரிதாகும். அதாவது ஏளனமாகப் பார்க்கப்படும் சாதாரண 70-300 ஜூம் லென்ஸை 300-க்கு இழுத்து, 5 மீட்டர் தள்ளி நின்று, பின்னால் திறந்தவெளி இருக்கும்படி ஆளை நிறுத்தி முகத்தை எடுத்தால், 85 எஃப் 1.8 தரும் அளவுக்குப் பின்னணி கரைந்துபோகும். ஆனால் ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னாலேயே சுவரோ செடியோ இருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது, அங்கே சின்ன எஃப் எண்தான் ஜெயிக்கும்.

வெளிச்சம் குறைந்த மாலையிலும் அப்படித்தான். எஃப் 1.8-ல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 400 போதும் என்றிருக்கும் இடத்தில், அதே ஷட்டர் ஸ்பீடுக்கு எஃப் 5.6 லென்ஸ் கிட்டத்தட்ட 4000 கேட்கும்.

இன்னும் அகலமான எஃப் 1.2, 1.4-க்குப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? என்னைக் கேட்டால் தொழிலாகச் செய்பவர்கள் தவிர மற்றவர்களுக்குத் தேவையில்லை. 85 மி.மீ. எஃப் 1.8-லேயே, 2 மீட்டரில் கூர்மையாக வரும் ஆழம் மொத்தம் 6 செ.மீ.தான். ஆள் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கண் தெளிவு, இன்னொன்று மங்கல். அதைவிடக் குறைத்து என்ன செய்யப் போகிறோம்? எடையும் இருக்கிறது. கேனானின் பழைய இ.எஃப். 85 எஃப் 1.8 வெறும் 425 கிராம், அதே வரிசையின் எஃப் 1.2 ஒரு கிலோவுக்கு மேல்.

ஒரு சின்ன விலகல். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்த, உலகமே அறிந்த அந்தப் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் நிக்கானின் 105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸில் எடுத்தது. கையால் ஃபோக்கஸ் செய்யும் சின்ன லென்ஸ். எஃப் 1.2 இல்லையே என்று தூக்கம் கெடுகிறவர்கள் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கலாம்.

வெளிப்புறப் படங்களில் விஷயம் தலைகீழ். மலைத்தொடர், தனி மரம், தூரத்து வீடு என்று நிலக்காட்சியைத் துண்டு துண்டாகப் பிடிக்க 70 முதல் 200 வரை தாராளமாகப் போதும், எஃப் 8-ல்தான் எடுக்கப் போகிறீர்கள், அதனால் எஃப் 2.8 தேவையே இல்லை. உயிரினங்கள் என்றால் எட்டாத தூரம்தான் பிரச்சினை. 15 செ.மீ. நீளமுள்ள குருவி 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்றால் சென்சாரில் அதன் பிம்பம் நாலரை மி.மீ.தான், ஃபுல் ஃபிரேமின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. 600-ல் கால் பங்கு. க்ராப் சென்சாரில் 300-க்கே ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும், போர்ட்ரெய்ட்டில் தொல்லை கொடுத்த அதே சென்சார் இங்கே நமக்குச் சாதகம். பெரிய விலங்குகளுக்கு 300, 400 போதலாம், பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டால் 150-600 மாதிரி ஒன்றில்தான் போய் நிற்கும். என்ன வாங்கினாலும் வெயில் நேரத்தில் வெகு தூரத்தில் இருப்பதை எடுத்தால் தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும். லென்ஸ் மோசம் என்று திட்டாமல் காலையில் போய் எடுங்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி ஃபோக்கல் லெங்த்தைக் கூட்டும் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். 1.4 கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளியைத் தின்னும், 2 கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப். எஃப் 5.6 லென்ஸில் இரண்டாவதைப் போட்டால் எஃப் 11 ஆகி, ஆட்டோஃபோக்கஸ் தடுமாறும். மலிவான பல ஜூம்களில் அது மாட்டவே மாட்டாது.

கை நடுக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 200 மி.மீ. என்றால் ஷட்டர் ஸ்பீடு குறைந்தது 1/200 விநாடி என்பது பழைய விதி, க்ராப் சென்சாரில் 1/300. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைவிட வெகுவாகக் குறைக்கலாம், ஆனால் அது நிறுத்துவது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான், எதிரில் ஓடும் குழந்தையின் ஆட்டத்தை இல்லை. ஆளுக்கு 1/250, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று நான் வைத்துக்கொள்கிறேன். மலைக்காட்சியை மாலையில் கையில் பிடித்தே எடுப்பவர்கள் ஸ்டெபிலைசேஷனுக்குக் காசு கொடுக்கலாம். பறவை மட்டும்தான் என்றால் அது வ்யூஃபைண்டர் ஆடாமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

இப்போது என் கதை. போர்ட்ரெய்ட், வெளிப்புறம் இரண்டுக்கும் ஒரே லென்ஸ் என்று எல்லோரும் கைகாட்டும் 70-200 எஃப் 2.8-ஐத்தான் நானும் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கினேன். அருமையான லென்ஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரைக் கிலோ. முதல் மாதம் எங்கே போனாலும் கூடவே வந்தது, ஒரு மலையேற்றத்தில் பாதி வழியில் கழுத்து வலித்துப் பையில் போட்டேன், அதன்பிறகு பையிலேயே இருந்தது, அப்புறம் பை வீட்டிலேயே இருந்தது. பறவைக்கு எட்டவில்லை, ஆட்களுக்கு முன்னால் நீட்டினால் அவர்கள் முகம் இறுகிப்போனது. கடைசியில் விற்றுவிட்டு ஒரு 85 எஃப் 1.8-ம் ஒரு 70-300-ம் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து அதைவிட எடை குறைவு, இரண்டையும் ஒரே நாளில் தூக்கிப் போக வேண்டிய அவசியமும் அதிகம் வருவதில்லை. பொழுதுபோக்காக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஜோடியைத்தான். ஒன்றே போதும், மாற்றி மாற்றி மாட்ட முடியாது என்பவர்கள் 70-200 எஃப் 4-ஐப் பாருங்கள், கேனானின் ஆர்.எஃப். வகையில் அது 700 கிராமுக்குள் வந்துவிடுகிறது. மண்டபத்துக்குள்ளும் மேடை வெளிச்சத்திலும் நிகழ்ச்சி எடுப்பவர்கள்தான் எஃப் 2.8-ன் முழுப் பலனை அனுபவிப்பார்கள், அவர்களுக்கு அந்த எடை நியாயமானது.

பழைய லென்ஸ் வாங்குவதில் தப்பே இல்லை. டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். தூசி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, சிலந்தி வலை போல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை மினுங்கினாலும் வேண்டாம். நிக்கானின் பழைய ஏ.எஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் போட்டால் ஆட்டோஃபோக்கஸ் வேலை செய்யாது, விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்வதற்கு முன் அதை யோசியுங்கள்.

புதிதோ பழையதோ, சொந்த கேமராவையும் கார்டையும் கொண்டுபோய், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் கவலையில்லை, ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, வேறு ஒன்று கேளுங்கள். ஜூமின் இரண்டு கோடியிலும் எடுங்கள். எவ்வளவு கிட்டத்தில் ஃபோக்கஸ் ஆகிறது என்றும் பாருங்கள், 600 வரை போகும் சில ஜூம்களுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் தேவைப்படும், பக்கத்துச் செடியில் வந்து உட்காரும் வண்ணத்துப்பூச்சியை எடுக்க நீங்கள்தான் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸைக் கழற்றி ஆட்டிப் பார்த்தால் உள்ளே லேசாகக் கடகடக்கும், பல லென்ஸ்களில் அது இயல்புதான், பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.