ஃபயர்பால் ப்ரோமிலியாட்: குட்டியைப் பிரிச்சு நடுறது எப்படி

எங்க தட்டட்டில, அதான் மொட்டை மாடில, இப்ப பதினோரு தொட்டி ஃபயர்பால் நிக்குது, எல்லாமே ஒத்த தாய்ச்செடியோட வாரிசுதான். ஆனா முதல்ல பிரிச்ச நாலு குட்டியும் அழுகிப் போச்சு, அஞ்சாவதுல இருந்துதான் பிடிச்சுது. அந்த நாலும் ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

இது நியோரெஜீலியா வகையில வர்ற குள்ளச்செடி, பிரேசில் பக்கத்துலருந்து வந்தது, நம்ம அன்னாசி இருக்கே, அதே குடும்பம். ஒரு சாண் அகலத்துக்கு மேல போகாது. நல்ல வெளிச்சம் பட்டா இலை செக்கச்செவேல்னு ஆகும், நிழல்ல வச்சா வெறும் பச்சைதான்.

கலவை

மண்ணு போடாதீங்க. தேங்காய் மட்டையைக் கட்டைவிரல் அளவுக்குத் துண்டு போட்டு, மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவச்சு அந்தக் கறையெல்லாம் போன பிறகு ரெண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, உடைஞ்ச செங்கல் சில்லு ஒரு கை, அவ்வளவுதான். கடையில கட்டியா விக்கிற கோகோபீட் எனக்குப் பிடிக்காது, ஐப்பசி மழையில அது நாள்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வச்சிக்கிடும். தொட்டி நாலு இஞ்ச் மண்தொட்டியே நல்லது, பிளாஸ்டிக்கா இருந்தா ஆனி ஆடிக் காத்துல உருண்டுரும். 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல தண்ணி நின்னப்ப கீழ வாசல்ல இருந்த மண்ணு போட்ட ரெண்டு தொட்டியும் அழுகிருச்சு, பக்கத்துலயே மட்டைத்துண்டுல இருந்தது தண்ணி வடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுச்சு.

குட்டி பிரிக்கிறது

இங்கதான் நான் மாட்டுனேன், அதனால பைய சொல்லுதேன்.

தாய்ச்செடி அடியில இருந்து ஒரு தண்டு பக்கவாட்டுல நீளும், அது நுனியிலதான் குட்டி. நான் மூணு விரக்கடை உசரம் வந்த உடனே ஆசைப்பட்டு வெட்டிட்டேன், அது முதல் தப்பு, தாயில பாதி உசரமாவது வரணும். ரெண்டாவது தப்புதான் பெரிசு. வெட்டுன குட்டியை வச்சா ஆடிக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது, சரி கொஞ்சம் ஆழமா அமுக்குவோம்னு கழுத்து வரைக்கும் புதைச்சுட்டேன். பத்தாவது நாள் நடுக்குருத்தைத் தொட்டதுமே கையோட வந்துருச்சு, அடி பழுப்பு நிறத்துல கொழகொழன்னு, புளிச்ச மாவு வாடை.

இந்தக் குடும்பத்துல நிறைய செடி மரத்து மேல ஒட்டி வாழுறது, ஃபயர்பாலும் அப்படித்தான். வேர் முக்கியமா பிடிமானத்துக்கு, தண்ணி குடிக்கிறது பெரும்பாலும் இலை வழியா. அதனால வேர் இல்லாட்டியும் குட்டி சாகாது, புதைச்சாதான் சாகும்.

சரியான முறை என்னன்னா, தண்டைத் தாயை ஒட்டி வெட்டுங்க, குட்டி பக்கம் ரெண்டு விரக்கடை தண்டு இருக்கட்டும். பூச்செடி வெட்டுற கத்தரி தண்டை நசுக்கிரும், புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர்தான் என் சாய்ஸ், சானிடைசர் தொட்டுத் துடைச்சுக்கோங்க. வெட்டுவாய் காயுற வரைக்கும் ஒரு நாள் ரெண்டு நாள் நிழல்ல போடுங்க. அப்புறம் அந்தத் தண்டு மட்டும் கலவைக்குள்ள போகணும், கடைசி இலையோட அடி மேல தெரியணும். ஆட்டத்துக்கு ரெண்டு பக்கமும் கனமான ஈர்க்குச்சி குத்தி வாழைநாரால லேசா கட்டிருங்க, வேர் பிடிக்கதுக்கும் நார் இத்துப் போகதுக்கும் சரியா இருக்கும். ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும், அதுவரைக்கும் இழுத்துப் பாக்காதீங்க.

சித்திரை வைகாசில பிரிக்காதீங்க. நான் ஐப்பசில மழை நேரடியா விழாத இடத்துல வச்சுதான் பண்ணுதேன்.

தண்ணி, வெயில்

நடுவுல இருக்கிற குழியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். போர் உப்புத்தண்ணி ஊத்துனா இலையில வெள்ளையா படியும், மழைத்தண்ணி, இல்லாட்டி ஆத்துத்தண்ணி ஊத்துங்க. கொசுப்புழு பாக்க வந்த அக்கா டார்ச் அடிச்சுக் காட்டுனாங்க, குழிக்குள்ள நாலஞ்சு புழு நெளியுது. அன்னைல இருந்து மூணு நாளைக்கு ஒருக்க ஹோஸ் வச்சுப் பழைய தண்ணியைப் பீச்சி வெளியேத்திட்டுப் புதுசு ஊத்துதேன். வேப்பெண்ணெய் விடாதீங்க, எண்ணெய் இலையில இருக்கிற செதிலை அடைச்சுரும், அது வழியாதான் செடி குடிக்குது.

காலை வெயில் ஒன்பது மணி வரைக்கும் நேரடியா படலாம், அதுக்கு மேல பச்சை வலை வேணும். யூரியா மாதிரி தழைச்சத்து உரம் போட்டா சிவப்பு போயிரும்.

பின்னாடி சேர்த்தது

தென்காசில இருந்து ஒரு தங்கச்சி எல்லாம் சரியா செஞ்சும் குருத்து கருகுதுன்னு எழுதியிருந்தாங்க. கேட்டுப் பாத்தா செப்புக்குடத்துல பிடிச்சு வச்ச தண்ணியை ஊத்திருக்காங்க. செம்பு இந்தச் செடிக்கு விஷம்! அழுகலுக்குன்னு உரக்கடையில குடுக்கிற காப்பர் ஆக்ஸிகுளோரைடும் போர்டோ கலவையும் அதே கதைதான், கட்டுறதுக்குச் செம்புக்கம்பியும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளிக்கு மாத்தச் சொன்னேன், இப்ப புதுக்குருத்து சுத்தமா வருதாம்.

இன்னொருத்தர், பூத்து முடிஞ்சு தாய்ச்செடி காயுது, பிடுங்கிரலாமான்னு கேட்டாங்க. ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும், அப்புறம் பைய வாடும், ஆனா உடனே பிடுங்காதீங்க. காஞ்ச கீழ் இலையை மட்டும் உரிச்சு எடுத்துட்டு விட்டுருங்க, எனக்குக் கடைசி ரெண்டு குட்டியும் அப்படிப் பாதி காஞ்சு நின்ன தாய்கிட்ட இருந்துதான் வந்துச்சு.